பூமிக்குப் பாவம் பார்த்த மகனுக்கு

மகனே,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருப்பாய். உன்னை மாதிரி ஆட்கள் எங்கே போனாலும் நன்றாகத்தான் இருப்பார்கள், கூட இருப்பவர்கள்தான் சீரழிவார்கள். உன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் கேட்டு முந்தாநாள் நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "சரண்யாவ எப்பங்கப்பா அனுப்பறீங்க? பாப்பாவப் பாக்காம ஒரு மாதிரி இருக்குது. மெசின் வேணும்னா ஒண்ணு வாங்கிக்கலாம்னு சொல்லுங்க. என் கொள்கை அவளுக்கு இன்னும் புரியல." இதற்குப் போனில் பதில் சொன்னால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. உன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். முப்பது வருஷம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்குப் போர் போட்ட கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். இருந்தாலும் முழுசாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு "அப்பாவுக்கு வயசாயிருச்சு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதே. வயசு ஆகிவிட்டது, அறுபத்து நான்கு. கண்ணும் காதும் இன்னும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவாய். பூமி சூடாகிறது என்று நீ சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. அதில் எனக்கு நீ பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், திருச்செங்கோட்டைச் சுற்றி இருநூறு அடி இறங்கினாலே சேறு பீய்ச்சி அடிக்கும், காட்டுக்காரர் தேங்காய் உடைப்பார். கடைசியில் நம் சொந்தக் காட்டில் போட்ட போர் நினைவிருக்கிறதா? ஆயிரம் அடி தாண்டியும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது. நீ எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூட உடுப்போடு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏனுங்கப்பா, இங்க தண்ணி வந்தா அது பக்கத்துக் காட்டுக்காரங்க கெணத்துத் தண்ணிதானுங்களே?" என்று கேட்டாய். வண்டியில் வேலை செய்த ஆட்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மானம் போய்விட்டது. அத்தனை பேர் முன்னாலும் உன்னை ஓங்கி ஓர் அறை அறைந்தேன். நீ கேட்டது சரி. அன்றைக்கே எனக்குத் தெரியும் சரி என்று, அதனால்தான் கை அத்தனை வேகமாக ஓங்கியது. உன்னுடைய இந்தக் கொள்கையெல்லாம் அந்த அறையிலிருந்துதான் கிளம்பியதென்று நினைக்கிறேன். அப்படியானால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அதனால்தான் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு நீ கறியை விட்டபோதும், பைக்கை விற்றுவிட்டுச் சைக்கிள் வாங்கியபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. நாம் பூமியைக் குடைந்து தின்றோம், பையன் அதற்குப் பரிகாரம் செய்கிறான் என்று கடையில் டீ குடிக்கும்போது நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். சைக்கிள் மிதித்தது உன் கால், கறியைத் தள்ளி வைத்தது உன் நாக்கு. அதுவரைக்கும் நீ செய்தது எல்லாம் சரி. கல்யாணம் ஆன பிறகுதான் உன் கொள்கை உன் உடம்பை விட்டு இறங்கி அவள் உடம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைக் கவனிக்காத கபோதி நான். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

சீர் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் பெண் வீட்டுச் சீர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, மண்டபத்து வாசலில் இறக்கி, பூச்சுற்றி, சந்தனம் வைத்து, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்று பார்க்க வைத்தார்கள். பிரிட்ஜ், கிரைண்டர், துணி துவைக்கும் மெசின். அந்த மெசினை வாங்க சரண்யாவின் அப்பா தானே சேலத்துக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கடைக்காரன் ஓட்டிக் காட்டினால்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்து வாங்கினாராம். மரவள்ளிக் காட்டில் குனிந்தே முதுகு வளைந்துபோன மனுஷர். பெண்டாட்டி காலமெல்லாம் கல்லில் அடித்துத் துவைத்ததைப் பார்த்தவர், மகளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தார். நீ என்ன செய்தாய்? கல்யாணமான ஆறாம் மாதம் மூன்றையும் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். கொடுத்ததோடு விட்டாயா? வீடியோ எடுத்துப் போட்டாய். "எங்க வீட்டுல இருந்து மூணு மெசின வெளியேத்திட்டோம்" என்று கையை விரித்துக்கொண்டு சிரித்தாய். பின்னால் சுவர் ஓரமாக நின்றாளே, அவள் முகத்தை ஒரு தடவையாவது அந்த வீடியோவில் நிறுத்திப் பார்த்தாயா? சீரை வெளியே அனுப்புவது என்றால் பெண்ணையே வெளியே அனுப்புவது மாதிரி என்று ஊருக்கே தெரியும். பெண் பாவம், யாரிடம் போய்ச் சொல்லும்?

அந்த வீடியோவை அவள் அப்பா ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, யாரோ பங்காளி போனில் காட்டியிருக்கிறான். மனுஷர் பாதி இலையில் எழுந்துவிட்டார். நேராகப் பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சம்பந்தி, எங்க சீருல மாப்பிள்ளைக்கு என்ன குறைன்னு சொல்லுங்க. மாத்தித் தர்றேன்" என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்தேன். "அட, குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவன் உலகத்தப் பத்தி ரோசன பண்றவனுங்க, நமக்கெல்லாம் அது வெளங்காதுங்க" என்றேன். உன் அம்மா மோர் கொண்டுவந்தாள். அவர் டம்ளரைக் கையில் வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனார். அந்த டம்ளரைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன்னைத் திட்டுகிற இந்தக் கடிதத்தில் என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் உன் சட்டங்கள். குளியலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தாயே, ஆளுக்கு ஒரு வாளி என்று. பெங்களூரில் தண்ணீர்க் கஷ்டம், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை பெற்று வந்தவளுக்கும் ஒரு வாளியா? பால் வடிந்து, ரத்தம் போய்க்கொண்டிருக்கிற உடம்புக்கும் ஒரே வாளியா? நம் வீட்டில் கறவை மாட்டைக் கழுவக்கூட அதைவிட அதிகம் ஊற்றுவோம். உன்னுடைய கைத்தறிச் சட்டைகள் வேறு. இலைச் சாயம், பட்டைச் சாயம் என்று வாங்கி அடுக்கி வைத்திருக்கிறாய். தனித்தனியாக நனைக்க வேண்டும், முறுக்கிப் பிழியக்கூடாது, நிழலில்தான் காய வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு சுற்றுச்சூழல் கூட்ட மேடையில் நிற்கும்போது பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறாய். ஒரு நாளாவது அதில் ஒன்றை நீயே துவைத்திருக்கிறாயா? ஒரே ஒரு நாள்? நான் சரண்யாவிடம் கேட்டேன். அவள் உன்னை விட்டுக்கொடுக்காமல், "அவருக்கு மீட்டிங் இருக்கும் மாமா" என்றாள். அந்தப் பதிலைக் கேட்டபோது உன்னை எதில் அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதமாவது தாய் வீட்டில் இருக்கட்டும் என்று அவள் அம்மா கெஞ்சினார். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை, ஆறட்டும் என்றார். நீதான் இருபதாம் நாளே போய் நின்றாய். குழந்தையைக் குப்பை சேராமல் வளர்ப்பது எப்படி என்று வாரம் ஒரு வீடியோ போடுவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாயாம், பிள்ளை வேண்டுமாம். கடையில் விற்கிற டயப்பர் வீட்டுக்குள் வரக்கூடாது, துணிதான். ஒரு நாளைக்கு இருபது துணி. எண்ணுவதற்கு நல்லாயிருக்கும், குனிந்து துவைத்தால் தெரியும். நீ அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போன ஆறாம் நாள் காலையில் எனக்குப் போன் வந்தது. அவள் அப்பாவுக்குப் பண்ணவில்லை, பண்ணினால் அந்த மனுஷர் உன்னை வெட்டியிருப்பார். "மாமா, கொஞ்சம் வர்றீங்களா" என்றாள், அவ்வளவுதான். குரலே சரியில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், எங்கேயும் நிறுத்தவில்லை.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே வந்தேன். நடு ஹாலில் நீ விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாய். ஒரு துணியை மடித்துக் காட்டி, "இது ஒண்ணும் கஷ்டமே இல்லைங்க, மனசுதான் வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் போன் பக்கம் கையால் மறைத்துக்கொண்டு, "அப்பா, ரெண்டே நிமிசம், லைவ் போயிட்டிருக்குது" என்றாய். நான் குளியலறைப் பக்கம் போனேன். அவள் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையில் சோப்பு போட்ட துணி. தையல் வாய் திறந்து நைட்டி நனைந்திருந்தது. சத்தம் போடாமல் அழுதுகொண்டிருந்தாள். ஏன் சாமி, கூப்பிடக் கூடாதா என்று கேட்டேன். "கூப்பிட்டா லைவ்ல கேக்கும் மாமா" என்றாள். மகனே, நான் கை முறிந்தவனைப் பார்த்திருக்கிறேன், ரிக் வண்டி பைப் சரிந்து கால் நசுங்கியவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்த மாதிரி எதையும் பார்த்ததில்லை. அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அவளையும் பிள்ளையையும் காரில் கூட்டிவந்தேன். நாமக்கல்லில் காட்டிய டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். "பெரியவங்க வீட்டுல இருந்துமா இந்த உடம்போட துவைக்க விட்டீங்க?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இனி நான் எழுதப் போவது உனக்குத் தெரியாதது. உனக்கு ஓர் அக்கா பிறந்திருக்க வேண்டும். அப்போது நம் வீட்டு போர் வறண்டுபோயிருந்தது. நானே ரிக் வைத்திருக்கிறேன், நம் வீட்டுக்கு ஒரு போர் போட எனக்கு நாள் கிடைக்கவில்லை. சீசன் நேரம், வண்டி ராஜஸ்தானில் நின்றது. திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உன் அம்மா ஏழு மாத வயிற்றோடு ரோட்டுக் குழாயிலிருந்து குடம் சுமந்தாள். ஒரு நாள் வாசல்படியில் குடத்தோடு விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை, பெண் பிள்ளை. செய்தி வந்தபோது குழிக்குள் பாறை உடைக்கிற ஹேமர் சிக்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வந்தால் பெரிய நஷ்டம் என்று அங்கேயே இருந்து, எடுத்துவிட்டுத்தான் வந்தேன். வந்து சேர பதினொரு நாள். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் பெண்டாட்டி தண்ணீர் சுமந்து பிள்ளையைத் தொலைத்தாள். இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை, நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. சரண்யாவைக் கூட்டிவந்த அன்று, அவளுக்குக் கட்டு மாற்றிவிட்டு வெளியே வந்த உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "நீங்களாவது ராசஸ்தானுல இருந்தீங்க. இவன் பக்கத்து ரூம்புலயே இருந்திருக்கறான்." அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

இப்போது இங்கே எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பாய். மெசின் வாங்கிவிட்டேன், நீ ஒன்றும் பெரிய மனது பண்ணி வாங்கித் தர வேண்டாம். ஒரு வேடிக்கை சொல்கிறேன், கேள். அவள் அதைத் தினமும் ஓட்டுவதில்லை. இரண்டு நாள் துணி சேர்ந்தால்தான் போடுகிறாள், வெயிலில் காய வைக்கிறாள். கழுவின தண்ணீரை எலுமிச்சைக்குத் திருப்பிவிடச் சொன்னாள், திருப்பிவிட்டேன். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் அறை குளிரும் என்றாள். நானே கரைத்து இரண்டு பூச்சு பூசினேன், பாதம் சூட்டில் கொப்பளித்துப்போனது, அறை குளிர்ந்துவிட்டது. ஏசியைப் பிள்ளைக்காக உச்சி வெயிலில் மட்டும் போடுகிறாள், போதும் என்று தோன்றினால் அவளே அணைக்கிறாள். பாப்பாவுக்கு இன்னும் துணிதான் கட்டுகிறாள். மெசினில் போடுவதற்கு முன்னால் அலசி எடுக்கிற வேலை என்னுடையது. அவளைக் குனிய விடுவதில்லை. அடுத்த வீட்டுக்காரன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங் மாமா, ரிக்கு ஓனரு பீத்துணி அலசறீங்ளா?" என்று கிண்டல் பண்ணுகிறான். "ஆமாண்டா, உன்னுதும் இருந்தாக் கொண்டா" என்றேன். ஒரு நாள் அலசிப் பார், உன் கொள்கை என்ன எடை என்று அப்போதுதான் உனக்குத் தெரியும். எதையாவது விடப் போகிறாய் என்றால், விட்ட பிறகு அந்த வேலை யார் கைக்குப் போகிறது என்று முதலில் பார். உன் கைக்கு வந்தால் தாராளமாக விடு. இல்லாவிட்டால் மூடிக்கொண்டு இரு.

உன் செய்தியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொள்கை புரியவில்லை என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குப் புரியலையா மாமா? ரெண்டு வருசமா எங்கப்பா காட்டுல மரவள்ளி கிழங்கே வைக்கல. மழை வந்தா ஒரேயடியா ஊத்துது, இல்லன்னா எட்டிக்கூடப் பாக்கறதில்ல. உங்க பையன் இதையெல்லாம் வீடியோவுல பாத்தவரு. நான் சோத்துல பாத்தவ" என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். அப்புறம் சொன்னாள். "கேட்டிருந்தா அந்த மெசின நானே தூக்கிக் குடுத்திருப்பேன். எங்கப்பாகிட்டயும் நானே சொல்லியிருப்பேன். துணியக்கூட ஆளுக்குப் பாதி துவைச்சிருக்கலாம். ஒரு தடவகூட என்னைக் கேக்கலையே மாமா." உனக்குப் புரிகிறதா? இந்த உலகத்திலேயே உன் கொள்கைக்குக் கிடைத்த ஒரே உண்மையான கூட்டாளி அவள்தான். அவளை வேலைக்காரியாக வைத்திருந்தாய், மடையா.

அப்புறம் அவள் என்னை ஒன்று கேட்டாள். நேற்று காலையில் அவளையும் பாப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆத்தூருக்குப் போனேன். அவள் அப்பாவும் அங்கே வந்திருந்தார். வக்கீல் வீட்டுப் படியேறும்போது பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டேன். இந்தக் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ உனக்கு விவாகரத்து நோட்டீஸ் வரும். "யோசனை பண்ணிக்கோ சாமி" என்று நான் அவளிடம் ஒரு தடவை சொன்னேன். "பண்ணிட்டேன் மாமா" என்றாள். இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை.

சாட்சி யார் என்று வக்கீல் கேட்டார். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். "நீங்க பையனோட அப்பாதானே?" என்று சந்தேகமாகப் பார்த்தார். ஆமாங்க, அவனப் பெத்தவன்தானுங்க என்றேன். நீயும் நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்துக்கொள். அன்றைக்கு உன் வீட்டில் பார்த்ததை ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொல்லப் போகிறேன். கூண்டில் என்னைப் பார்க்க உனக்குச் சங்கடமாக இருந்தால் தலையைக் குனிந்துகொள். நான் உன்னைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அப்பா